கசந்தால் விஷம் இல்லை

என் மனைவி நல்லம்மாள் நீட்டிய டம்ளரை வாங்கி ஒரு வாய் வைத்தேன். வைத்த வேகத்தில் வாசலுக்கு ஓடிப்போய்த் துப்பினேன். நாக்கு, அண்ணம், தொண்டை என்று காது வரைக்கும் கசந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“என்ன இது, கஷாயமா வெசமா?” என்று வாசலில் நின்றபடியே சத்தம் போட்டேன்.

அவள் கையில் கரண்டியோடு வந்து என்னை விநோதமாகப் பார்த்தாள். “கசப்பே இல்லீங்களே. மறுக்கா மறுக்கா தழை அள்ளிப் போட்டனுங்க. அப்பவும் பச்சத் தண்ணியாட்டந்தான் இருக்குது.”

சமையலில் நல்லம்மாளின் நாக்கு தராசு மாதிரி. குழம்பில் உப்பு ஒரு கல் கூடினாலும் வாசலில் இருந்தே சொல்லிவிடுவாள். தான் ருசி பார்க்காத எதையும் அடுத்தவருக்குக் கொடுக்கமாட்டாள். அவள் கசப்பே இல்லை என்கிறாள், எனக்கோ உயிர் போகிறது. இரண்டு பேரில் யாருக்கோ கோளாறு என்று தெரிந்தது. எனக்கு என்றுதான் அவள் நினைத்தாள்.

நோய்க்காலத்தின் இரண்டாவது அலை அப்போது. ஊரடங்கு. சங்ககிரிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டவர்களுக்கு லாரிச் சத்தம்தான் தாலாட்டு. லாரி புக்கிங் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த எனக்கு அது இல்லாவிட்டால் தூக்கமே வராது என்று இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பைபாஸ் ரோட்டில் ஒரு ஹாரன் சத்தம்கூட இல்லை. பக்கத்துக் காட்டில் மயில் அகவுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

செம்பருத்திக்குப் போனது

ஞாயிறு என்றால் எங்கள் வீட்டில் காலைக் காபி கிடையாது. சிறியாநங்கைக் கஷாயம்தான். ஆயுர்வேதக் கடையில் நிலவேம்பு என்று கேட்டால் சூரணமாகவும் மாத்திரையாகவும் எடுத்து வைப்பார்கள். எங்களுக்குப் பச்சைத் தழையே கிடைத்தது. மிளகாய்ச் செடியின் இலை மாதிரி ஒல்லியாக, சாதுவாக இருக்கும். வாயில் வைத்தால்தான் அதன் சுபாவம் தெரியும்.

உடம்பில் நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரம் ஒரு முறை அதைக் குடிக்கவேண்டும் என்பது நல்லம்மாளின் சட்டம். ரத்தம் சுத்தமாகும், காய்ச்சல் அண்டாது, பசி எடுக்கும் என்பாள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்களே, நீ வருஷக்கணக்காக ஊற்றுகிறாயே என்று நான் வாதாடிப் பார்ப்பேன். எடுபடாது. எனக்குச் சர்க்கரை உண்டு. அதற்கு மாத்திரை போடுகிறேன். இது எதற்கு என்று கேட்டால், அது வேறே இது வேறே என்பாள். அதில் மட்டும் அவள் சொன்னது சரி. கஷாயம் குடிக்கிற தைரியத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டு ஜிலேபிக் கடை வாசலில் நிற்கிறவர்களை எங்கள் ஊரில் எனக்கே தெரியும்.

ஆகவே நான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு காற்று வாங்குகிற மாதிரி வாசலுக்கு வருவேன். செம்பருத்திச் செடியின் வேருக்கு ஊற்றிவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு காலி டம்ளரோடு உள்ளே போவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக எனக்கு எண்ணம். ஒருநாள் விருந்தாளி ஒருவர் அந்தச் செடியைப் பார்த்து, இதில் மாவுப்பூச்சியே இல்லையே, என்ன மருந்து அடிக்கிறீர்கள் என்று கேட்டார். நல்லம்மாள் என் பக்கம் திரும்பாமலே, ஞாயித்துக்கிழமையானா அவிக ஊத்தறாங்க என்றாள்.

அந்த ஞாயிறு மட்டும் நான் ஏன் குடித்தேன் என்றால், நோய் பயத்தில்தான். உயிர் பயம் வந்தால் கசப்பெல்லாம் ஒரு கணக்கா?

வேலிக்கு அந்தப் பக்கம்

தழை வந்துகொண்டிருந்தது என் மச்சான் அங்கமுத்துவின் காட்டிலிருந்து. அவர் நல்லம்மாளுக்கு மூத்தவர். ஒரே அண்ணன். எங்கள் வாசலுக்கும் அவர் காட்டுக்கும் நடுவே ஒரு கிளுவை மர வேலிதான். ரொம்பக் காலம் வடக்கே லாரி ஓட்டிவிட்டு, மனைவி இறந்த பிறகு ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கு போட ஆரம்பித்தார். மகன் பெங்களூரில் வேலை. மச்சான் தனிக்கட்டை. சமைத்த குழம்பில் பாதி வேலியைத் தாண்டிப் போகும், தழை வேலியைத் தாண்டி வரும்.

வேலியை ஒட்டி, போர்வெல் தண்ணீர் வழிகிற இடத்தில் ஒரு சிறிய பாத்தி. அதில் சிறியாநங்கை. அதை அவர் கிழங்கைவிடக் கவனமாகப் பார்த்துக்கொள்வார். அதற்குக் காரணம் உண்டு.

முன்பு ஒரு வருஷம் கிழங்கு பிடுங்கும்போது சருகுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று அவர் குதிகாலில் கடித்தது. பாம்பு என்றால் படையே நடுங்கும், கூலியாட்கள் எம்மாத்திரம்? ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். மச்சான் மட்டும் வரப்பில் உட்கார்ந்து, சிறியாநங்கைத் தழை கொண்டுவரச் சொன்னார். வாயில் போட்டு மென்றார். முகம் கோணிக்கொண்டது. உடனே சிரித்தார். கசக்குது, போய் வேலையப் பாருங்க என்றார். அன்றைக்கு அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

கடித்தது விஷமில்லாத பாம்பாக இருந்திருக்கும், அடுத்த முறை நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. “தழை கசந்தா வெசம் இல்லீங்க மாப்ள. கசக்காட்டி ஏறிருச்சுன்னு அர்த்தம். மறுக்கா எப்பக் கசக்குதோ அப்ப எறங்கிருச்சு. அவ்வளவுதான்” என்றார்.

எங்கள் பக்கத்தில் இது அவர் ஒருவருடைய நம்பிக்கை அல்ல. காட்டு வேலை செய்கிற பாதிப் பேர் இதைச் சொல்வார்கள். ஆனால் ஒரு தரம் பலித்துவிட்டதால் அவருக்கு அது சட்டமாகிவிட்டது. தவறிய சத்தியங்களைவிடப் பலித்த தற்செயல்கள்தான் மனிதனை அதிகம் ஏமாற்றுகின்றன என்பது என் அபிப்பிராயம்.

காலில் ஒரு புள்ளி

தழைதான் சரியில்லை என்று நல்லம்மாள் வேலியோரம் போனாள். பாத்தியில் நின்ற செடியிலிருந்து கொழுந்தாக ஒரு கொத்து பறித்து மென்றாள். நான் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெற்றிலை மெல்லுகிற மாதிரி சாவகாசமாக மென்றாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த மச்சான் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

முந்தின நாள் அவள் மாட்டுக்குப் புல் அறுக்கப் போனபோது காலில் ஏதோ சுருக்கென்றதாகச் சொல்லியிருந்தாள். முள் என்று தட்டிவிட்டு வந்துவிட்டாள். மச்சான் அவளை வரப்பில் உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். கணுக்காலுக்குக் கீழே சிவப்பாக ஒரு புள்ளி இருந்தது. காட்டில் நடக்கிற எந்தக் காலில்தான் புள்ளி இல்லை? ஆனால் அந்த நேரத்தில் எனக்கும் அது பல் பட்ட இடமாகவே தெரிந்தது.

சேலத்துக்குப் போகலாம், ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்றேன். மச்சான் தலையை ஆட்டினார்.

“நல்லா இருக்கறவிகளுக்கே ஆசுபத்திரிக்குப் போனாத்தான் அந்த நோவு ஒட்டுதுங்கறாங்க. வெசத்துக்கு வைத்தியம் பாக்கப் போயி அத வாங்கிட்டு வரோணுமுங்களா மாப்ள?”

நான் பாம்புக்குப் பயந்தேன். அவர் ஆஸ்பத்திரிக்குப் பயந்தார். நாங்கள் பயந்துகொண்டிருந்த நோய் ஏற்கனவே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது எங்கள் மூன்று பேருக்கும் தெரியவில்லை. கஷாயம் கசக்காததும் அதனால்தான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கசப்பு போனால் விஷம் என்றே தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகிய காது எங்களுக்கு.

பனமரத்துப்பட்டி ஏரிக்கு அந்தப் பக்கம் விஷக்கடிக்குப் பச்சிலை கொடுப்பவர் ஒருவர் இருந்தார். மச்சான் தன் மோட்டார் சைக்கிளில் தங்கையை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வழியில் போலீஸ்காரர்கள் மறித்தார்களாம். பாம்பு கடித்துவிட்டது என்றதும் தடுப்பை நகர்த்தி வழி விட்டார்களாம்.

பச்சிலைக்காரர் சாறு பிழிந்து கொடுத்தார். சோற்றில் உப்பு சேர்க்கக்கூடாது, பொழுது சாய்கிற வரைக்கும் தூங்கவிடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

தூங்கவிடாமல் பார்த்துக்கொள்கிற வேலையை மச்சான் எடுத்துக்கொண்டார். கட்டிலில் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து பொழுதுக்கும் பேசினார். சின்ன வயதில் கிணற்றில் நீச்சல் பழகியது, எருமப்பட்டிச் சந்தையில் அவள் காணாமல் போய்க் கிடைத்தது, இப்படி ஏதேதோ. அவள் கண் சொருகினால் கன்னத்தைத் தட்டினார். மத்தியானம் உடம்பு சுட்டது. விஷம் வேலை செய்கிறது என்றார். சாயங்காலம் இருமல் வந்தது. அதற்கும் அதையே சொன்னார். அவள் குடித்து வைத்த சொம்பிலேயே தானும் தண்ணீர் குடித்தார். நான் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து, அண்ணன் தங்கை பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பயத்துக்கு நடுவிலும் அந்தப் பேச்சு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

உங்களையுமா?

அடுத்த சில நாட்களில் எனக்கு ரசம் வெந்நீர் மாதிரி இருந்தது. சந்தேகம் தட்டியது. வேலிக்குப் போய்ப் பத்து இலை பறித்து வாயில் போட்டேன். ஒன்றுமில்லை. புல்லை மென்றது போலிருந்தது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தப்பி ஓடிய கசப்பு, தேடினால் கிடைக்கவில்லை.

மச்சானைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் பார்வை நேராக என் காலுக்குப் போனது.

“உங்களையுங் கடிச்சுதுங்களா மாப்ள?”

இன்றைக்கு இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அன்றைக்கு நாங்கள் சிரிக்கவில்லை. கேட்டு முடித்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. ஒரு வீட்டில் புருஷனையும் பெண்சாதியையும் தனித்தனியாகப் பாம்பு கடிக்குமா? வாய் ருசியும் மூக்கு வாசனையும் போகும் என்று டிவியில் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். ருசி என்றால் இனிப்பு, உப்பு, காரம் என்று நினைத்தோமே தவிர, கஷாயக் கசப்பும் ருசிதான் என்று தோன்றவில்லை.

மச்சான் ஒரு இலையைக் கிள்ளித் தன் வாயில் போட்டார். முகம் கோணியது. “எனக்குக் கசக்குதுங்க மாப்ள” என்றார். பசித்தவன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டவர் மாதிரி, கூச்சத்தோடு சொன்னார்.

அவர்தான் போன் போட்டு ஆம்புலன்ஸ் வண்டி வரவழைத்தார். நல்லம்மாளுக்கு அதற்குள் மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. வண்டியில் ஏறும்போது மச்சான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

“அம்மிணி, தழை கசந்தோடனே எனக்குப் போன் பண்ணு” என்றார்.

அவள் பேச முடியாமல் தலையை மட்டும் ஆட்டினாள். நாங்கள் அவரைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

அவள் கேட்ட கேள்வி

சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். நான் வேறு கட்டிடத்தில் இருந்தேன். மாத்திரைகளோடு தினமும் காகிதக் கோப்பையில் கஷாயமும் கொடுத்தார்கள். மச்சான் நாள் தவறாமல் இரண்டு பேருக்கும் போன் செய்தார். என்னிடம் சோறு தண்ணீர் பற்றிக் கேட்பார். தங்கையிடம், கசக்குதா அம்மிணி என்று அது ஒன்றைத்தான் கேட்பார். இன்னும் இல்லண்ணா என்பாளாம்.

ஒருநாள் காலையில் காகிதக் கோப்பையை வாயில் வைத்தேன். அடிநாக்கில் மெல்ல ஒரு கசப்பு ஏறியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர் பயந்துபோய், என்னாச்சுங்க என்று கேட்டார். கசக்குதுங்க என்றேன். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, மெதுவாகத் தலையை ஆட்டினார்.

இதைச் சொல்ல மச்சானுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

சாயங்காலம் பெங்களூரிலிருந்து அவர் மகன் அழைத்தான். நாங்கள் போன சில நாட்களிலேயே அவருக்கும் காய்ச்சல் வந்திருக்கிறது. மகனிடம் வெறும் சளி என்றிருக்கிறார். கதவைச் சாத்திக்கொண்டு, பாத்தியில் தழை பறித்து மென்றுகொண்டு, மறுபடி கசக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறார். அப்படி இருந்துகொண்டுதான் எங்களுக்குப் போன் செய்திருக்கிறார். மூச்சு நிற்கிற கட்டத்தில் அக்கம்பக்கத்தார் பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. முகத்தைக்கூட யாரும் பார்க்கவில்லை. பையில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆக்சிஜன் எடுக்கிற வரைக்கும் அவளிடம் சொல்லவேண்டாம் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகு நான் சொன்னேன். அவள் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள். கிழங்குச் செடி தண்ணீர் இல்லாமல் இலை தொங்கிக் கிடந்தது.

“கடசீல அண்ணனுக்குக் கசந்துச்சுங்களா?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அவள் அழவில்லை.

பிறகு ஒரே ஒரு தரம், அண்ணன் வண்டீல பின்னால உக்காந்து போனது நானுங்க என்றாள். நோய் காற்றில் இருந்தது, எங்கே யாரிடம் ஒட்டியது என்று யாராலும் சொல்ல முடியாது என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அது அவள் காதில் ஏறவில்லை.

நாக்குக் கடன்

எனக்குத் திரும்பிவந்த ருசி அவளுக்கு வரவில்லை. சிலருக்கு நாளாகும் என்றார் டாக்டர். மாதங்கள் போயின. வருஷம் திரும்பியது. மச்சானின் திதியும் வந்து போனது. கைப்பழக்கத்தில் சமைத்தாள். உப்பு போதுமா, புளி கூடிவிட்டதா என்று அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து என் உள்ளங்கையில் ஒரு சொட்டு ஊற்றுவாள். அவளுடைய தராசு நாக்குக்கு நான் எடைக்கல் ஆனேன். தனக்கு எதற்கு ருசி என்று ஒருநாள் சொன்னாள். வேண்டாம் என்று விட்டவளின் குரல் அது. எனக்கு அது பிடிக்கவில்லை. கோபித்துக்கொண்டேன். கோபத்துக்கு அவள் மசியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கஷாயத்தை மட்டும் நிறுத்தவில்லை. நான் முதலில் குடித்துப் பார்த்துச் சொல்லவேண்டும். செம்பருத்திக்கு ஊற்ற இப்போது எனக்கு மனம் வராது. குடித்துவிட்டுப் போதும் என்பேன். அவள் தன் டம்ளரை எடுத்துத் தண்ணீர் மாதிரி மடமடவென்று குடித்துவிடுவாள். அதை என்னால் பார்க்க முடியாது. பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வேன்.

மச்சானின் மகன் காட்டைக் குத்தகைக்கு விட்டான். குத்தகைக்காரர் டிராக்டர் விடுவதற்கு முன்பு நல்லம்மாள் பாத்தியிலிருந்து நாலைந்து செடியை வேர் மண்ணோடு பெயர்த்துவந்து எங்கள் பக்கத்து வேலியோரம் நட்டாள். தினமும் காலையில் வாசல் கூட்டி முடித்ததும் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போடுவாள். மென்று துப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போவாள். அண்ணனிடம் தலையாட்டிய வாக்கை அவள் அப்படிக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். போன் பண்ணத்தான் ஆள் இல்லை.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. செடிகள் புதுத் தளிர் விட்டிருந்தன. நான் வாசலில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன். வேலியோரம் குனிந்திருந்தவள் நிமிரவில்லை. அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று எழுந்து ஓடினேன்.

அவள் முகம் கோணியிருந்தது. நெற்றி, மூக்கு, உதடு எல்லாம் சுருங்கிப்போய், கைக்குழந்தைக்கு மருந்து புகட்டினால் இருக்குமே, அப்படி இருந்தது.

“ஏனுங்க, கசக்குதுங்க” என்றாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் இன்னொரு இலையைக் கிள்ளிப் போட்டு மென்றாள். முகம் மறுபடி கோணியது. துப்பாமல் விழுங்கினாள்.

“வெசம் எறங்கிருச்சுன்னு அண்ணங்கிட்டச் சொல்லோணுமுங்களே” என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். அண்ணன் போய் அத்தனை காலத்துக்கும் சேர்த்து, வேலிக் கிளுவையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கத்துக் காட்டைப் பார்த்து அழுதாள்.

நான் தேற்றவில்லை. ஒரு இலையைக் கிள்ளி என் வாயில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கும் கசந்தது.